அழைத்தவர் சிறையில், சுட்டவர் பதவியில்

2017 டிசம்பர் 28. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் உள்ள விசிட்டா நகரம். மாலை ஆறு மணிக்கு மேல் அந்த நகர மன்ற அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர், தன் அப்பாவைத் தலையில் சுட்டுவிட்டதாகச் சொன்னார். அம்மாவையும் உடன்பிறப்பையும் துப்பாக்கி முனையில் பிடித்துவைத்திருப்பதாகவும், வீடு முழுக்கப் பெட்ரோலை ஊற்றியிருப்பதாகவும், கொளுத்திவிடலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னார். முகவரியையும் கொடுத்தார். அழைப்பு அவசர உதவி மையமான 911க்கு மாற்றப்பட்டது. கொஞ்ச நேரத்தில் போலீஸார் அந்த வீட்டைச் சூழ்ந்து நின்றார்கள்.

வீட்டுக்குள் இருந்தவர் ஆண்ட்ரூ ஃபின்ச். வயது 28, இரண்டு குழந்தைகளின் தந்தை. வெளியே என்ன நடக்கிறது என்று பார்க்க வாசல் கதவைத் திறந்தார். விளக்கொளி கண்ணைக் கூச, பல பக்கங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் உத்தரவுகள் வந்து விழுந்தன. கையைத் தூக்கச் சொல்கிறார்கள் என்பது புரிந்ததோ இல்லையோ, அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தெருவின் எதிர்ப்பக்கத்தில், ஏறக்குறைய 40 கெஜத் தொலைவில் ரைஃபிளோடு நின்றிருந்த ஒரு காவலர் ஒரே ஒரு தோட்டாவைச் சுட்டார். சுற்றி நின்ற மற்ற காவலர்களில் ஒருவர்கூடச் சுடவில்லை. ஃபின்ச் அங்கேயே விழுந்தார், உயிர் பிழைக்கவில்லை.

அவர் கையில் ஆயுதம் இல்லை. அந்த வீட்டில் யாரும் சுடப்பட்டிருக்கவில்லை, யாரும் பிணையாக இல்லை, பெட்ரோல் வாசனையும் இல்லை. மகன் வாசலில் கிடக்க, அவருடைய அம்மாவையும் வீட்டிலிருந்த மற்றவர்களையும் போலீஸார் கைவிலங்கு மாட்டி அழைத்துச் சென்றார்கள்.

அழைத்தவர் அப்போது விசிட்டாவிலேயே இல்லை. டைலர் பேரிஸ் என்ற அந்த 25 வயது இளைஞர் சுமார் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் லாஸ் ஏஞ்சலஸில் உட்கார்ந்துகொண்டு, விசிட்டா எண் போலத் தெரியும்படி இணைய வழியே பேசியிருந்தார். காரணம்? ‘கால் ஆஃப் டூட்டி’ என்ற வீடியோ கேமில் இரண்டு இளைஞர்களுக்கு இடையே வந்த சண்டை. பந்தயப் பணம் ஒன்றரை டாலர். அன்றைய மதிப்பில் நூறு ரூபாய்கூட வராது. ஒஹாயோவில் இருந்த ஒருவர், எதிராளியின் வீட்டுக்குப் போலீஸை அனுப்பும்படி பேரிஸிடம் கேட்டுக்கொண்டார். விசிட்டாவில் இருந்த அந்த எதிராளியோ, முடிந்தால் செய்து பார் என்று சவால் விட்டு, தான் முன்பு குடியிருந்த வீட்டு முகவரியைக் கொடுத்தார். ஃபின்ச்சுக்கு இந்த மூவரில் யாரையும் தெரியாது.

ஆயுதப் போலீஸை அடுத்தவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் இந்தப் பொய் அழைப்பை அமெரிக்காவில் ‘ஸ்வாட்டிங்’ என்கிறார்கள். அங்குள்ள அதிரடிப் படைப் பிரிவின் பெயரிலிருந்து வந்தது. மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 2008லேயே இதைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் கழித்துத்தான் ஃபின்ச் தன் வீட்டு வாசலில் செத்தார்.

பேரிஸுக்கு என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடலாம். 51 குற்றச்சாட்டுகளை அவர் ஒப்புக்கொண்டார். 2019 மார்ச்சில் 20 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஒஹாயோ இளைஞருக்கு 15 மாதச் சிறை. 20 ஆண்டு அதிகம் என்று யாரும் வாதிட முடியாது. பேரிஸ் முதல் முறையாகத் தடுக்கி விழுந்த பையன் அல்ல. 2015இல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் விடுத்துச் சிறை சென்று திரும்பியவர். ஃபின்ச் சாவதற்கு இரண்டு வாரம் முன்பு, வாஷிங்டனில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் கூட்டம் வெடிகுண்டு மிரட்டலால் பாதியில் நிறுத்தப்பட்டு எல்லோரும் வெளியேற்றப்பட்டார்களே, அதுவும் இவர் வேலைதான். விசிட்டா சிறையில் விசாரணைக் கைதியாக இருந்தபோதும் எப்படியோ இணையத்துக்குள் நுழைந்து, மறுபடியும் ஸ்வாட்டிங் செய்யப்போவதாக மிரட்டல் பதிவு போட்டார். இப்படிப்பட்டவரை நாட்டு மக்களிடமிருந்து விலக்கி வைத்தது நியாயமே.

நியாயம் அங்கே நின்றுபோனதுதான் பிரச்சினை.

சுட்ட காவலர் மீது வழக்கு இல்லை என்று 2018 ஏப்ரலில் மாவட்ட அரசு வழக்கறிஞர் மார்க் பென்னெட் அறிவித்தார். அமெரிக்கச் சட்டப்படி, பின்னால் தெரியவந்ததை வைத்துக் காவலரை எடைபோடக் கூடாது; அந்தக் கணத்தில், அந்த இடத்தில், நியாயமான ஒரு காவலர் என்ன நினைத்திருப்பார் என்றே பார்க்க வேண்டும். 1989இல் உச்ச நீதிமன்றம் கிரஹாம் எதிர் கானர் வழக்கில் வகுத்த அளவுகோல் அது. ஃபின்ச்சின் கை அசைந்தது, துப்பாக்கியை எடுக்கிறார் என்று நினைத்தேன் என்றார் காவலர். உள்ளே ஒரு கொலை நடந்துவிட்டது என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆகவே நினைத்தது நியாயம், சுட்டதும் நியாயம். பொய் சொன்னவர் பேரிஸ். பொய்யை நம்பியவர்கள் குற்றமற்றவர்கள். 2022இல் அந்தக் காவலர் துப்பறியும் அதிகாரியாகப் பதவி உயர்வு பெற்றார்.

இந்தக் கணக்கை ஏற்க முடியாது. பொறுப்பு என்பது பாகப்பிரிவினைச் சொத்து அல்ல, ஒருவர் பெரிய பங்கை எடுத்துக்கொண்டால் மற்றவருக்கு ஒன்றும் மிஞ்சாமல் போவதற்கு. பேரிஸ் இல்லாவிட்டால் ஃபின்ச் செத்திருக்க மாட்டார் என்பது எவ்வளவு உண்மையோ, அந்த ஒரு தோட்டா இல்லாவிட்டாலும் அவர் செத்திருக்க மாட்டார் என்பது அவ்வளவு உண்மை. அன்று அந்த வீட்டைச் சூழ்ந்து நின்ற எல்லோருக்கும் ஒரே தகவல்தான் கிடைத்திருந்தது. எல்லோருக்கும் முன்னால் அதே மனிதர்தான் நின்றார். ஒருவர் தவிர மற்ற யாரும் விசையை அழுத்தவில்லை. பொய்யே சுட்டது என்றால், அது ஏன் ஒரே ஒரு துப்பாக்கியிலிருந்து மட்டும் சுட்டது?

அந்தப் பொய்கூடக் கண்டுபிடிக்கவே முடியாத பொய்யாக இருக்கவில்லை. உயிர் போகிற அவசரத்தில் இருப்பவர் 911ஐ அழைப்பார். இவரோ நகர மன்ற எண்ணை அழைத்தார். வீடு எத்தனை மாடி என்று கேட்டதற்கு ஒற்றை மாடி என்றார். போலீஸார் போய் நின்றதோ இரட்டை மாடி வீட்டுக்கு முன்னால். ஃபின்ச் சுடப்பட்ட பிறகும் அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் இருந்து பேசுகிறவராக இருந்தால், வாசலுக்கு எதிரே வெடித்த துப்பாக்கிச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். அந்தச் சத்தம் தொலைபேசியின் மறுமுனைக்கும் கேட்டிருக்க வேண்டும். சுடுவதற்கு முன்பே தெரிந்தவை ஒவ்வொன்றும் சின்னச் சந்தேகம்தான். சேர்த்துப் பார்க்க ஒருவர் இருந்திருந்தால், இரண்டு நிமிடம் பொறுங்கள் என்று வயர்லெஸ்ஸில் ஒரு குரல் சொல்லியிருக்கும்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. உண்மையான அழைப்பைப் பொய் என்று நினைத்துப் போலீஸ் தாமதித்தால் என்ன ஆகும்? 2022 மே 24 அன்று டெக்சஸ் மாநிலத்தின் யுவால்டி ஊரில், ஒரு தொடக்கப் பள்ளிக்குள் துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்தான். மொத்தம் 376 காவலர்கள் வந்து சேர்ந்தார்கள். அவன் இருந்த வகுப்பறைக்குள் போலீஸ் நுழைவதற்கு 77 நிமிடம் ஆனது. 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் இறந்தார்கள். அறைக்குள்ளிருந்து குழந்தைகளே 911ஐ அழைத்துக் கெஞ்சியிருந்தார்கள். இதைப் படித்த எவரும், அழைப்பு வந்தால் ஆற அமர விசாரித்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் வேகமாகப் போய்ச் சேர்வது வேறு, வேகமாகச் சுடுவது வேறு. விசிட்டாவில் போலீஸ் விரைந்து வந்ததில் தவறே இல்லை. வந்த பிறகு அவர்களுக்கு மறைவு இருந்தது, தூரம் இருந்தது, ஆள் பலம் இருந்தது. எதிரில் நின்றவர் யாரையும் குறிவைக்கவில்லை. பிணையாக இருப்பதாகச் சொல்லப்பட்ட தம்பியா, செத்ததாகச் சொல்லப்பட்ட அப்பாவா, கொலைகாரரா, யார் கதவைத் திறந்தது என்பதுகூடத் தெரியாது. அழைப்பு நூற்றுக்கு நூறு உண்மையாகவே இருந்திருந்தாலும், அன்று கதவைத் திறந்து வெளியே வந்தவர் தப்பித்து ஓடிவந்த பிணையாளியாக இருந்திருக்கலாம். அப்போதும் அந்தத் தோட்டா பாய்ந்துதான் இருக்கும். ஆகவே இந்தச் சாவைப் பொய்யின் கணக்கில் மட்டும் எழுத வழியில்லை.

பொய் அழைப்பு இப்போது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. கலிபோர்னியாவின் லங்காஸ்டர் நகரைச் சேர்ந்த ஒரு பதின்வயதுப் பையன் 2022 ஆகஸ்டிலிருந்து 2024 ஜனவரி வரை 375க்கும் மேற்பட்ட அழைப்புகளைச் செய்தான். பள்ளிகள், கல்லூரிகள், வழிபாட்டுத் தலங்கள், அரசு அதிகாரிகளின் வீடுகள் எதையும் விட்டுவைக்கவில்லை. சமூக ஊடகத்தில் விலைப்பட்டியலே போட்டான்: ஒரு வீட்டுக்குப் பெரிய போலீஸ் படையை வரவழைக்க 50 டாலர், வெடிகுண்டு அல்லது கூட்டக் கொலை மிரட்டலுக்கு 75 டாலர். 2023 மே மாதம் ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டில் ஒரு பள்ளிவாசலுக்குள் போய்ச் சுடப்போவதாகப் போலீஸிடம் சொல்லி, பின்னணியில் துப்பாக்கிச் சத்தத்தை ஒலிக்கவிட்டான். முப்பது காவலர்கள் ஓடிப்போனார்கள். கடைசியில் அந்த வழக்குதான் அவனைப் பிடித்துக் கொடுத்தது. 2025 பிப்ரவரியில் அவனுக்கு நான்கு ஆண்டுச் சிறை.

375 அழைப்புகள், ஒன்றரை ஆண்டு. இவ்வளவு காலம் ஒருவன் பிடிபடாமல் தொழில் நடத்த முடிந்தது என்றால், தொலைபேசி நிறுவனங்களும் பதில் சொல்ல வேண்டும். எந்த எண்ணிலிருந்து வேண்டுமானாலும் அழைப்பதுபோலக் காட்டிக்கொள்ள வழிவிட்டவை அவைதான். தீய நோக்கத்தோடு எண்ணை மாற்றிக் காட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் அமெரிக்காவில் 2010லேயே வந்துவிட்டது. அழைப்பு உண்மையில் எங்கிருந்து வருகிறது என்று சரிபார்க்கும் தொழில்நுட்பத்தைப் பெரிய நிறுவனங்கள் அமல்படுத்த 2021 ஜூன் வரை அவகாசம் கொடுக்கப்பட்டது. இடையில் பத்து ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த இடைவெளியில்தான் விசிட்டா நடந்தது. சட்டமியற்றுவோரும் வேகம் காட்டவில்லை. ஸ்வாட்டிங்கை மத்தியக் குற்றமாக்கும் மசோதாவை 2015இல் கொண்டுவந்த மாசசூசெட்ஸ் உறுப்பினர் கேத்தரின் கிளார்க்கின் வீட்டு வாசலுக்கே 2016 ஜனவரி கடைசி நாள் இரவில், பொய் அழைப்பை நம்பி நீளத் துப்பாக்கிகளோடு போலீஸ் வந்து நின்றது. அவர் பிழைத்தார். அவருடைய மசோதா பிழைக்கவில்லை. மாநில அளவில்தான் வேலை நடந்தது. கன்சாஸ் 2018இல் ஃபின்ச்சின் பெயரிலேயே ஒரு சட்டம் போட்டு, சாவில் முடியும் பொய் அழைப்புக்குக் கடுமையான தண்டனை வைத்தது.

அந்தச் சட்டமும் அழைப்பவரைப் பற்றித்தான் பேசுகிறது.

அழைப்பவரை மட்டும் நம்பி நீதியைக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு டென்னசி மாநிலத்தின் பெத்தெல் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் நடந்ததைப் பார்க்கலாம். 60 வயதுப் பெரியவர் ஒருவர் ட்விட்டர் தொடங்கிய காலத்திலேயே மாநிலத்தின் பெயரைத் தன் கணக்குக்குப் பெயராக வாங்கி வைத்திருந்தார். அதைத் தட்டிப் பறித்து விற்க ஒரு கும்பல் முயன்றது. அவர் கொடுக்க மறுத்தார். 2020 ஏப்ரலில், அந்த வீட்டில் ஒரு பெண் கொல்லப்பட்டதாகவும் குண்டுகள் இருப்பதாகவும் போலீஸுக்குப் பொய் அழைப்பு போனது. துப்பாக்கிகளோடு நின்ற போலீஸைப் பார்த்துக் கையை உயர்த்திக்கொண்டு வந்த பெரியவர், மாரடைப்பில் சரிந்து இறந்தார். முகவரியை எடுத்துக் கொடுத்த டென்னசி இளைஞருக்கு ஐந்து ஆண்டு கிடைத்தது. அழைப்பைச் செய்தது பிரிட்டனில் இருந்த, இன்னும் 18 வயது நிரம்பாத ஒரு சிறுவன். அவனை அமெரிக்காவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அழைப்பவர் கடல் கடந்து இருந்தால், அல்லது சிறுவனாக இருந்தால், செத்தவர் குடும்பம் யாரிடம் போய்க் கேட்பது?

போலீஸாரும் இதில் அடிபடுகிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். 2015 ஜனவரியில் ஓக்லஹோமாவின் சென்டினல் ஊரில், வெடிகுண்டு மிரட்டல் வந்த வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போன போலீஸ் தலைவர் மார்பிலும் கையிலும் சுடப்பட்டார். குண்டு துளைக்காத உடுப்பு அவரைக் காப்பாற்றியது. சுட்டவர் வீட்டுக்காரர். உள்ளே நுழைந்தது போலீஸ் என்று அவருக்குத் தெரியாது. மிரட்டல் விடுத்ததும் அவர் அல்ல. விசாரித்தவர்கள் அதைப் புரிந்துகொண்டு அவரை விடுவித்தார்கள். அந்த வீட்டுக்காரரின் பதற்றம் புரிந்துகொள்ளக்கூடியதாக இருந்தது. விசிட்டாக் காவலரின் பதற்றத்தையும் புரிந்துகொள்ளலாம் என்று சிலர் வாதிடக்கூடும். ஒன்றை மறந்துவிடக் கூடாது. பதறாமல் இருப்பதற்காகவே சம்பளமும் பயிற்சியும் பெறுகிறவர் காவலர்.

ஸ்வாட்டிங் பற்றிப் பேசும் நிபுணர்கள் பொதுமக்களுக்கு அறிவுரை சொல்கிறார்கள். போலீஸ் வந்தால் கைகளை வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள், திடீரென்று அசையாதீர்கள், சொன்னதை அப்படியே செய்யுங்கள் என்று. அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வைப்பது நல்லது. உயிர் காக்கும் அறிவுரைதான். ஆனால் இந்த அறிவுரைக்குள் ஒரு தலைகீழ் நியாயம் ஒளிந்திருக்கிறது. துப்பாக்கி வைத்திருப்பவர் பதறலாம், தவறாகப் பார்க்கலாம், கை அசைவை ஆயுதமாக நினைக்கலாம். சாப்பாட்டுத் தட்டின் முன்னாலிருந்து எழுந்து வந்தவர் மட்டும் கண் கூசும் வெளிச்சத்தில், நாலு பேர் நாலு விதமாகக் கத்தும்போது, ஒரு விரல்கூடத் தப்பாக அசையாமல் நிற்க வேண்டும்.

பொய் அழைப்பே இல்லாமலும் இந்த நிலை வருகிறது. அமெரிக்காவில் அதிரடிப் படைகள் 1960களில் தொடங்கின. பிணையாளிகளை மீட்கவும் துப்பாக்கிச் சண்டைகளைச் சமாளிக்கவும் உருவாக்கப்பட்டவை, பிறகு போதைப் பொருள் தேடும் சாதாரணச் சோதனைகளுக்கும் போகத் தொடங்கின. 1980களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 ஆக இருந்த இப்படைகளின் நடவடிக்கைகள் 2000களில் 40,000ஐத் தாண்டியதாக, இதை நெடுங்காலம் ஆராய்ந்த பேராசிரியர் பீட்டர் கிராஸ்கா மதிப்பிட்டார். ராணுவத்தின் உபரித் தளவாடங்கள் காவல் துறைகளுக்கு வாரி வழங்கப்பட்டன. இவ்வளவும் செய்து குற்றம் குறைந்ததா, காவலர்களின் பாதுகாப்புதான் கூடியதா? இரண்டும் நடந்ததாகச் சான்றில்லை என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் மம்மோலோ 2018இல் ஆய்வு வெளியிட்டார்.

கவச வண்டியும் வெடியும் கையில் இருந்தால் அவற்றுக்கு வேலை தேடிக் கொடுக்கத் தோன்றும். 2015 ஜூனில் கொலராடோவின் கிரீன்வுட் வில்லேஜில், வால்மார்ட் கடையில் ஒரு சட்டையும் இரண்டு பெல்ட்டும் திருடிய ஒருவன் துப்பாக்கியோடு யாரோ ஒருவரின் வீட்டுக்குள் புகுந்துகொண்டான். 19 மணி நேர முற்றுகையில் போலீஸ் அந்த வீட்டைக் கண்ணீர்ப் புகையாலும் வெடியாலும் கவச வண்டியாலும் துளைத்தெடுத்தது. வீடு குடியிருக்கத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்டு, பிறகு இடித்துத் தள்ளப்பட்டது. திருடனுக்கும் வீட்டு உரிமையாளருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. நகர நிர்வாகம் 5,000 டாலர் தருவதாகச் சொன்னது. அவர் வழக்குப் போட்டார். காவல் பணியில் நேர்ந்த சேதத்துக்கு அரசு ஈடு தர வேண்டியதில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் கைவிரித்தது. உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்தது.

அட்லாண்டாவில் நடந்தது இன்னும் விசித்திரம். 2017 அக்டோபரில் விடிவதற்கு முன், எஃப்.பி.ஐ. அதிரடிப் படை ஒரு வீட்டின் கதவை உடைத்து, கண்ணைக் குருடாக்கும் ஒளி வெடியை வீசி உள்ளே நுழைந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அவருடைய காதலரையும் ஏழு வயதுப் பையனையும் நோக்கித் துப்பாக்கி நீண்டது. அவர்கள் தேடி வந்த வீடு அடுத்த தெருவில் இருந்தது. ஜி.பி.எஸ். கருவி தவறான இடத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டதாக அதிகாரி சொன்னார். கருவியைக் காட்டச் சொன்னால், அதை எறிந்துவிட்டேன் என்றார். அஞ்சல் பெட்டியில் எழுதியிருந்த வீட்டு எண்ணை ஒருவரும் பார்க்கவில்லை.

இப்படி நடந்தால் வழக்குப் போடலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் 1974லேயே சட்டத்தைத் திருத்தியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இல்லினாய் மாநிலத்தின் காலின்ஸ்வில்லில் மத்தியப் போதைத் தடுப்புப் போலீஸார் இதேபோலத் தவறான வீடுகளுக்குள் புகுந்து குடும்பங்களை மிரட்டியதுதான் அந்தத் திருத்தத்துக்குக் காரணம். அப்படியிருந்தும் அட்லாண்டாக் குடும்பத்தின் வழக்கைக் கீழ் நீதிமன்றங்கள் தள்ளின. 2025 ஜூன் 12 அன்று மார்ட்டின் எதிர் அமெரிக்கா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தத் தள்ளுபடியை நீக்கினார்கள். நீக்கிவிட்டு, மறுபடியும் விசாரியுங்கள் என்று மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். கதவு உடைந்து எட்டு ஆண்டு ஆகப்போகும் நேரத்தில் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது, வழக்கைத் தொடரும் உரிமை மட்டும்.

ஃபின்ச் குடும்பமும் அந்தப் பாதையில்தான் நடந்தது. நகர நிர்வாகத்தின் மீது அவர்கள் வைத்த கோரிக்கையை நீதிமன்றம் தள்ளியது. சுட்ட காவலரோ, அரசு அலுவலர்களுக்கு அமெரிக்கச் சட்டம் தரும் விலக்குரிமையைக் காட்டித் தன் மீது வழக்கே நடத்தக் கூடாது என்று மேல்முறையீடு வரை போனார். 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்காமல், ஜூரி முன்னால் போகட்டும் என்றது. அதற்குப் பிறகுதான் விசிட்டா நகரம் இறங்கிவந்தது. 2023 மார்ச்சில் 50 லட்சம் டாலர் தந்து வழக்கை முடித்துக்கொண்டது. தந்தையை இழந்த குழந்தைகளுக்கு ஐந்து ஆண்டு கழித்துப் பணம். அதுவும் அந்த ஊர் மக்களின் வரிப் பணம்.

செய்யக்கூடியவை இல்லாமல் இல்லை. பல இடங்களில் தொடங்கியும்விட்டன. சியாட்டில் போலீஸ் 2018இல் ஒரு பதிவேடு திறந்தது. தன் வீட்டுக்குப் பொய் அழைப்பு வரலாம் என்று அஞ்சுகிறவர்கள் முகவரியைப் பதிந்து வைக்கலாம். அந்த முகவரிக்கு அழைப்பு வந்தால் கட்டுப்பாட்டு அறைத் திரையில் எச்சரிக்கை தெரியும். போலீஸ் போகத்தான் போகும், ஆனால் இது பொய்யாகவும் இருக்கலாம் என்ற நினைப்போடு போகும். பல மாநிலங்களில் நடப்பதை ஒரே இடத்தில் பார்க்க எஃப்.பி.ஐ. 2023இல் ஒரு தேசியத் தரவுத்தளம் தொடங்கியது. இவற்றோடு, வீட்டுக்காரரின் எண்ணைக் கண்டுபிடித்துத் திரும்ப அழைத்துப் பார்ப்பது, ஒரே ஒரு காவலர் மட்டும் குரல் கொடுப்பது, எதிரில் இருப்பவர் ஆயுதத்தை நீட்டாதவரை மறைவில் நிற்பது ஆகியவற்றைக் கட்டாய விதியாக்கலாம். விதியை மீறினால் அந்தக் காவலரும் அவருடைய மேலதிகாரியும் பதில் சொல்லும்படி செய்ய வேண்டும். அரசின் ஆயுதத்தால் அப்பாவிக்கு அடிபட்டால், தவறு யாருடையது என்ற வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். இழப்பீடு சில மாதங்களுக்குள் குடும்பத்தின் கைக்கு வந்துவிட வேண்டும். அதற்காக அவர்கள் ஏழு நீதிமன்றப் படி ஏறக் கூடாது.

தமிழ்நாட்டுக்கும் புரளி புதிதல்ல. 2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் 13 பள்ளிகளுக்கு மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல் வந்தது. பெற்றோர் அலுவலகத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பள்ளி வாசலுக்கு ஓடினார்கள். வெடிகுண்டு நிபுணர்களும் மோப்ப நாய்களும் வகுப்பறை வகுப்பறையாகத் தேடி, புரளி என்று உறுதி செய்தார்கள். அன்று அலைச்சலும் பயமும் இருந்தன. ஒருவருக்கும் கீறல் விழவில்லை. காரணம், மிரட்டலுக்குப் பதிலாகப் போனவர்கள் தேடப் போனார்கள், சுடப் போகவில்லை. விசிட்டாவுக்கும் சென்னைக்கும் உள்ள வேறுபாடு பொய்யில் இல்லை.

ஆனால் இந்தியாவிலும் துப்பாக்கியோடு போனவர்கள் உண்டு. 2021 டிசம்பர் 4 மாலை, நாகாலாந்தின் மோன் மாவட்டத்தில் உள்ள ஓட்டிங் கிராமத்தருகே, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை முடித்து வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளர்களை ராணுவத்தின் சிறப்புப் படை சுட்டது. ஆறு பேர் இறந்தார்கள். தேடிப் போன கிராமத்தாரோடு மூண்ட மோதலிலும் மறுநாளும் இன்னும் எட்டுப் பொதுமக்களும், ஒரு படைவீரரும் உயிரிழந்தார்கள். தீவிரவாதிகள் வருவதாகத் தகவல் கிடைத்தது, அடையாளம் தவறிவிட்டது என்று உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்தார். மாநிலச் சிறப்புப் புலனாய்வுக் குழு 2022இல் ராணுவத்தினர் 30 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டப்படி, வழக்கு நடத்த ஒன்றிய அரசின் அனுமதி தேவை. 2023இல் அது மறுக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது.

அனுமதி எப்போதாவது கிடைத்தால் வழக்கைத் தொடரத் தடையில்லை என்றும் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சுட்டவர்கள் குற்றவாளிகளா இல்லையா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். அங்கே போய் நிற்பதற்கான அனுமதியை ஒன்றிய அரசு தர வேண்டும்.